வயிற்றுப் பிள்ளை அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்



இந்த மாத உடல்நலப் பகுதியில், நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு துயரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். மாதக் கணக்கில் சுமந்த பிள்ளை உயிரில்லாமல் பிறப்பதுதான் அது. "செத்துப் பொறந்திடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அன்றைக்கே புதைத்துவிட்டு வருகிறோம். அடுத்த வாரம் அதைப்பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. தாய் அழுதால் "அடுத்தது பொறக்கும், அழாதே" என்கிறோம். அழாமல் இருந்தால் "கல்லு மனசுக்காரி" என்கிறோம்.

இப்படி மூடி வைப்பதால் இரண்டு கெடுதல் வருகிறது. ஏன் நடந்தது என்று தெரியாமலே போய்விடுவதால், அடுத்த பிரசவத்திலும் அதே ஆபத்து காத்திருக்கிறது. அதோடு, காரணம் தெரியாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்து கொள்கிறது. "கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தா", "ராசி இல்லாதவ", "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும்.

மருத்துவம் என்ன சொல்கிறது? நாம் எதை மாற்ற முடியும்? எதை மாற்றச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு பெரிய விஷயம் இது?

உலக நாடுகளை ஒப்பிட்டுக் கணக்கெடுக்கும்போது, 28 வாரம், அதாவது ஏறக்குறைய ஏழு மாதம் நிறைந்தபின் உயிரில்லாமல் பிறக்கும் பிள்ளையை உலகச் சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. அந்தக் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தன. ஏழை நாடுகளில் இது அதிகம், பணக்கார நாடுகளில் குறைவு. 2019-ஆம் ஆண்டு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 23. மேற்கு ஐரோப்பாவில் ஏறக்குறைய மூன்று.

ஏழை நாடுகளில் பிரசவ வலி நேரத்தில் இறக்கும் பிள்ளைகள் நிறைய. ஆள் இல்லை, ஆஸ்பத்திரி தூரம், ஆபரேசனுக்கு வழியில்லை. பணக்கார நாடுகளில் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அங்கே வலி வருவதற்கு முன்பே, வயிற்றிலேயே உயிர் போகும் பிள்ளைகள்தான் அதிகம். அதற்குக் காரணம் தாயின் உடல்நிலை, பழக்கவழக்கம், வாழும் நிலைமை.

நம் தோட்டங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அதனால் இந்த விஷயத்தை நாம் இரட்டிப்புக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

பாட்டி காலமும் நம் காலமும்

நம் பாட்டிமார் காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. அந்தக் காய்ச்சல் கர்ப்பிணியைப் பிடித்தால் வயிற்றில் உள்ள நச்சுக்கொடியைத் தாக்கும். கரு கலையும், பிள்ளை இறந்து பிறக்கும். 1901-ஆம் ஆண்டு முதல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் பகுதியில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒடுக்கிக் காட்டிய பிறகுதான் தோட்டங்களில் நிலைமை மெல்ல மாறியது. கொக்கிப் புழு, ரத்தச் சோகை, லயத்து வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் நடந்த பிரசவம் என்று அந்தக் காலத்துக் காரணங்கள் வேறு.

இன்று பெரும்பாலான பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. மலேசியா 2018-ஆம் ஆண்டில் இன்னொரு நல்ல பெயரும் வாங்கியது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்னும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. சிபிலிஸ், மருந்து கொடுக்காமல் விட்டால், வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும் நோய். முதல் தடவை கிளினிக்குக்குப் போனதும் ரத்தம் எடுக்கிறார்களே, "எதுக்கு இத்தனை ரத்தம்?" என்று சலித்துக் கொள்கிறோமே, அந்தச் சோதனையின் பலன்தான் இது.

பழைய காரணங்கள் குறைந்தன. அந்த இடத்துக்குப் பணக்கார நாட்டுக் காரணங்கள் வந்துவிட்டன. பணக்காரரின் பணம் மட்டும் வரவில்லை!

உடல் எடை, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு

2011-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழ், பணக்கார நாடுகளில் இப்படிப் பிள்ளை இறப்பதற்கு என்னென்ன காரணம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. மாற்றக்கூடிய காரணங்களில் முதல் இடம் அதிக உடல் எடைக்கு. நூறு இறப்புகளில் 8 முதல் 18 வரை அதனோடு தொடர்புடையவை. தாயின் வயது 35-க்கு மேல் என்பது 7 முதல் 11. புகை பிடித்தல் 4 முதல் 7. இவற்றோடு கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, முதல் பிரசவம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும் என்றார்கள்.

இனிப்பு நீர் நமக்கு அயல் வீட்டு நோய் இல்லை. 2019-ஆம் ஆண்டு நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், 18 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அது கூடுதல். தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், அல்லது நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாது. வெளியில் ஒன்றும் தெரியாது. "பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று நாம் மகிழும்போதே உள்ளே ஆபத்து வளரும்.

அதனால்தான் கிளினிக்கில் காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்லி, சீனித் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ரத்தம் எடுக்கிறார்கள். குமட்டுகிறது, இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்று அதைத் தவிர்க்காதீர்கள். சர்க்கரை கூடியிருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் சாப்பாட்டு முறையிலேயே சரிக்கட்டலாம். முடியாவிட்டால் மருந்து, ஊசி இருக்கிறது.

சாப்பாட்டு முறை என்றால் பட்டினி கிடப்பது இல்லை. சோற்றைக் குறைத்துக் கீரை, காய், மீன், முட்டை, பருப்பைக் கூட்டுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியை நாளைக்கு நாலு தடவை குடிக்கிற பழக்கத்தை விடுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. ரத்தச் சோகை மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று மாமியார் சொல்வது பாசத்தில். ரெண்டு உயிருக்கு வேண்டியது நல்ல சாப்பாடு. ரெண்டு தட்டுச் சோறு வேண்டியதில்லை.

ரத்தக் கொதிப்பும் அப்படித்தான், சத்தமில்லாமல் வரும். 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டால் கவனம் தேவை. கடைசி மாதங்களில் முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம்; அன்றே போங்கள். முன்பு ரத்தக் கொதிப்பு வந்தவர்களுக்குச் சிறிய ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பது உண்டு. அதை டாக்டர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும். சொன்னால் விடாமல் சாப்பிட வேண்டும்.

புகை, புகையிலை, கள், சாராயம்

நம் பெண்கள் சிகரெட் பிடிப்பது குறைவு. "அப்ப நமக்கு இதில கவலை இல்ல" என்று சொல்லிவிட முடியாது. புகை பிடிக்காத கர்ப்பிணி, வீட்டில் மற்றவர் விடும் புகையைச் சுவாசித்தாலே பிள்ளை இறந்து பிறக்கும் ஆபத்து நாலில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது என்று 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆகவே அண்ணன்மார்களே, தம்பிமார்களே! மனைவி மாசமாக இருக்கும்போது வீட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் புகை பிடிப்பதை விட உதவி செய்கிறார்கள். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

வெற்றிலைப் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாக்கோடு புகையிலையைச் சேர்த்து மெல்லும் வழக்கம் நம் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. "புகை இல்லையே, இதில் என்ன?" என்பார்கள். மும்பையில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படி மெல்லும் புகையிலையைப் பயன்படுத்திய பெண்களுக்குப் பிள்ளை இறந்து பிறக்கும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. புகையிலையின் நஞ்சு வாயில் போனாலும் ரத்தத்தில்தான் கலக்கிறது. வாந்தி வருகிறது, வாய் கசக்கிறது என்று மசக்கைக் காலத்தில் மெல்லத் தொடங்குகிறவர்கள் உண்டு. அதற்கு எலுமிச்சை, இஞ்சி போதும்.

குடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோட்டத்துக் கள்ளுக்கடையை எதிர்த்து 1946, 47-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் தொண்டர் படை கிளர்ந்தெழுந்த வரலாறு நமக்குத் தெரியும். கள், பீர், சம்சு எதுவானாலும், கர்ப்பத்தில் "இவ்வளவு குடித்தால் பரவாயில்லை" என்று ஓர் அளவு கிடையாது. கணவன் குடித்துவிட்டு வந்து கைநீட்டும் வீட்டில், வயிற்றில் விழும் ஓர் அடி நச்சுக்கொடியைப் பிரித்துவிடலாம். பிரிந்தால் சில நிமிடங்களில்கூடப் பிள்ளை போய்விடலாம். அப்படி அடிபட்ட சகோதரி, "வழுக்கி விழுந்தேன்" என்று பொய் சொல்லியாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உண்மையைச் சொன்னால் இன்னும் நல்லது. அங்கே உதவி உண்டு.

படுக்கிற விதம், நாள் கடத்துவது

இவை இரண்டும் செலவே இல்லாத விஷயம்.

28 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்துத் தூங்கப் போகக்கூடாது. பெருத்த கருப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறையும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், மல்லாந்து தூங்கப் போகும் பெண்களுக்கு ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்று தெரிந்தது. இடது பக்கமோ வலது பக்கமோ, ஒருக்களித்துப் படுங்கள். நடு ராத்திரியில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா? பயப்பட வேண்டாம். திரும்பிப் படுத்துக் கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று நாள் தாண்டுவது. 40 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஆபத்து கூடுகிறது, நச்சுக்கொடிக்கு வயதாகிறது. டாக்டர் வலி வரவழைக்க நாள் குறித்தால், "நட்சத்திரம் சரியில்ல, வெள்ளிக்கிழமை ஆகட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். உயிரோடு பிறக்கிற நாள்தான் நல்ல நாள்.

வேலைக்காட்டில்

இதுவரை சொன்னவை வீட்டில் மாற்றக்கூடியவை. இனிச் சொல்வதை ஒரு பெண் தனியாக மாற்ற முடியாது. சங்கம் துணை நிற்க வேண்டும்.

முதலாவது மருந்து அடிக்கும் வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்த பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். பாராகுவாட் என்னும் கொடிய மருந்தை மலேசியா 2002-இல் தடை செய்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுவதும் தடை செய்தது. அந்த மருந்து போனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. பூச்சிமருந்தோடு வேலை செய்யும் தாய்மாருக்குப் பிள்ளை இறந்து பிறப்பது கூடுதலாக இருந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எனவே கர்ப்பம் என்று தெரிந்த நாளிலேயே மருந்து வேலையிலிருந்து மாற்றல் கேளுங்கள். கணவர் மருந்து அடிப்பவரானால், அந்தச் சட்டையைக் கர்ப்பிணி துவைக்கக்கூடாது. தனியே ஊற வைத்து அவரே துவைக்கட்டும்.

இரண்டாவது வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 2017-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து வந்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து இரு மடங்காக இருந்தது. செம்பனைக் காட்டிலும் திறந்த வெளியிலும் வேலை செய்யும் நமக்கு இது வேறு யாருடைய கதையோ இல்லை. காலை வெயில் ஏறுமுன் வேலை, நிழலில் ஓய்வு, கையில் தண்ணீர்ப் போத்தல், இவை சலுகை ஆகா, தேவை.

மூன்றாவது சுமை. நிறை வாளியைத் தூக்கி மேட்டில் ஏறுவது, உதிரிப் பழ மூட்டையை இழுப்பது, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்வது இவற்றைக் கடைசி மாதங்களில் விட வேண்டும். தொழிலாளியின் பாதுகாப்பும் உடல்நலமும் முதலாளியின் பொறுப்பு என்று 1994-ஆம் ஆண்டின் தொழில்துறைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. லேசான வேலை கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. கேட்க வாய் வராவிட்டால் தோட்டக் கமிட்டிக்காரரிடம் சொல்லுங்கள்.

ஏழ்மைதான் பெரிய நோய்

"எல்லாம் பழக்கவழக்கம்தான், அவங்கவங்க ஒழுங்கா இருந்தா போதும்" என்று சிலர் சொல்வார்கள். பிரிட்டனைப் பாருங்கள். ஒரே அரசாங்கம், ஒரே இலவச மருத்துவம். ஆனாலும் மிக வறிய பகுதிகளில் வாழும் தாய்மாருக்குப் பிள்ளை இறந்து பிறப்பது, வசதியான பகுதிகளில் இருப்பவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கறுப்பினத் தாய்மாருக்கு வெள்ளையரைவிட சுமார் இரு மடங்கு. நம்மைப் போன்ற ஆசியத் தாய்மாருக்கும் கூடுதல்தான். கிளினிக்கு அருகில் இருந்தால் மட்டும் போதாது. போக நேரம் வேண்டும், வண்டி வேண்டும், பேச்சு புரிய வேண்டும், சொல்வதை அங்குள்ளவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நம் நிலைமையும் அதுதான். சி ரூசா பக்கத்தில் கடற்கரைச் சாலையிலேயே போர்ட்டிக்சன் மருத்துவமனை இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஆனால் தோட்டத்து உள்பாதையில் பஸ் வராது. கணவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கிளினிக் நேரமும் வேலை நேரமும் ஒன்று. போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. "போன மாசம்தானே பார்த்தாங்க, இந்த மாசம் என்ன இருக்கப் போவுது" என்று மனம் சொல்லிவிடும். நாலாவது, ஐந்தாவது மாதம் வரை பதியாமல் இருப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அடையாள அட்டைச் சிக்கல் உள்ள குடும்பங்கள் பயந்துகொண்டு இன்னும் தாமதிக்கின்றன. கல்யாணத்துக்கு முன் கருத்தரித்த பெண்பிள்ளை வயிற்றைத் துணியால் கட்டி மறைக்கிறாள். ஆபத்து அதிகம் உள்ளவர்கள்தான் கடைசியாக வருகிறார்கள்.

மூன்று மாதம் முடிவதற்குள் போய்ப் பதியுங்கள். இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளம் ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் ஆபத்து குறைவு; மிசி பார்த்துக்கொள்வார். மஞ்சள் என்றால் நிபுணர் டாக்டர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. உங்கள் புத்தகத்தில் என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று மிசியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால், தூரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முன்பு ஒரு பிள்ளை இறந்து பிறந்திருந்தால் முதல் நாளே அதைச் சொல்லுங்கள். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அடுத்த பிள்ளைக்குக் கூடுதல் கவனிப்பு கிடைக்காமல் போகும்.

அசைவுதான் பிள்ளையின் பேச்சு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வாய் இல்லை. அது பேசுவது அசைவால். நச்சுக்கொடி வழியாக வரும் ரத்தமும் காற்றும் குறையும்போது, பிள்ளை தன் சக்தியைச் சேமிக்க அசைவைக் குறைத்துக்கொள்ளும். பல தாய்மார்கள், பிள்ளை இறப்பதற்குச் சில நாள் முன்பே அசைவு குறைந்ததைக் கவனித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் இதயத் துடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் பிள்ளையை வெளியே எடுத்துக் காப்பாற்ற வழி உண்டு.

இளஞ்சிவப்புப் புத்தகத்தில் அசைவை எழுத ஓர் அட்டவணை இருக்கிறது. ஏழாம் மாதத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கு எண்ணத் தொடங்குங்கள். பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். இரவு ஒன்பதுக்குள் பத்து வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. இது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வழக்கமாகப் பதினொரு மணிக்குள் பத்து அசைவு கொடுக்கும் பிள்ளை, ஒரு நாள் பிற்பகல் மூன்று மணியாகியும் நாலுதான் கொடுத்தது என்றால், அந்த மாற்றமே அபாயம். உங்கள் பிள்ளையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். மிசிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

வேலை செய்துகொண்டே நடக்கும்போது அசைவு தெரியாமல் போகலாம். உட்கார்ந்து, அல்லது ஒருக்களித்துப் படுத்து, கையை வயிற்றில் வைத்துக் கவனியுங்கள்.

தாய்மார்கள் அடிக்கடி கேட்பவை:

"கடைசி மாசத்தில இடம் பத்தாது, அதனால பிள்ளை அசையாதுன்னு சொல்றாங்களே?" தவறு. அசைவின் விதம் மாறலாம். உதைப்பது போய் உருளுவது போல் இருக்கலாம். ஆனால் அசைவு குறையக்கூடாது.

"சீனித் தண்ணி குடிச்சா பிள்ளை முழிச்சுக்குமே?" அதை நம்பி நேரத்தை விடாதீர்கள். ஒரு தடவை அசைந்துவிட்டு மறுபடி அடங்கிப் போனால் நீங்கள் ஏமாந்து போவீர்கள்.

"கடையில இதயத் துடிப்பு கேக்கிற மெஷின் விக்கிறாங்க. வாங்கலாமா?" வேண்டாம். துடிப்புக் கேட்கிறது என்பதால் பிள்ளை நலம் என்று சொல்ல முடியாது. சில நேரம் தாயின் துடிப்பையே பிள்ளையின் துடிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

"போன வாரம்தான் போனேன், ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. மறுபடி போனா திட்டுவாங்களே?" போங்கள். மூன்றாம் தடவையும் போங்கள். ஒன்றும் இல்லை என்று திரும்பி வருவது நல்ல செய்தி. யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

"ராத்திரி பதினோரு மணிக்கு எப்படிப் போறது?" இதற்கு ஏழாம் மாதத்திலேயே ஏற்பாடு வேண்டும். யாரிடம் கார் இருக்கிறது, அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று பேசி வையுங்கள். இரண்டு போன் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 999-க்கு அழையுங்கள். தண்ணீர் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், விடாத வயிற்று வலி வந்தாலும் இதே ஏற்பாடுதான்.

இவ்வளவு செய்தும் நடந்துவிட்டால்

எல்லாவற்றையும் சரியாகச் செய்த தாய்க்கும் இது நடக்கலாம். நன்றாகச் சோதனை செய்யும் பணக்கார நாடுகளிலும் கணிசமான பிள்ளைகளின் இறப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. மேலே சொன்ன ஆபத்துகள் எல்லாம் வாய்ப்பைக் கூட்டுபவை. ஒரு தாயைக் காட்டி "நீ இதைச் செய்தாய், அதனால் செத்தது" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பிள்ளையைப் பார்க்க வேண்டும், மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தாய் கேட்டால் தடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் வேண்டாம். நச்சுக்கொடியையும் பிள்ளையையும் சோதிக்க டாக்டர் அனுமதி கேட்டால் யோசித்துப் பாருங்கள். அடுத்த பிரசவத்துக்கு அது வழிகாட்டும். மூன்று நாளில் பால் சுரக்கும். குடிக்கப் பிள்ளை இல்லாமல் மார் கட்டிக்கொண்டு வலிக்கும்போது அந்தத் தாய் படும் பாட்டை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மிசியிடம் கேட்டால் வழி சொல்வார். வாரக் கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதுவும் நோய்தான். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தகப்பனுக்கும் துக்கம் உண்டு. அவரைக் கள்ளுக்குத் துரத்தாமல் கூட உட்கார்ந்து பேசுங்கள்.

இப்போது சட்டம். இதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் "பிரசவம்" என்றால், 22 வாரத்துக்குப் பின் பிள்ளை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் பிரசவம்தான். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துவிட்டது. ஆகவே பிள்ளையை இழந்த தாய்க்கும் அந்த 98 நாள் உண்டு. "பிள்ளைதான் இல்லையே, வேலைக்கு வா" என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த விடுப்புக்குச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய நாலு மாதத்தில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருப்பவருக்கு விடுப்பு உண்டு, சம்பளம் இல்லை. பிரசவத்துக்கு முந்திய 60 நாட்களுக்குள் நிர்வாகத்திடம் அறிவித்து வையுங்கள். கணவர் வேறு இடத்தில் வேலை செய்தாலும், அங்கே ஓராண்டு வேலை செய்திருந்தால் அவருக்கு ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரி கொடுக்கும் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். கொடுக்க மறுத்தால் கமிட்டிக்காரரிடம் வாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது

தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயத்தை எடுத்துப் பேசுங்கள். கர்ப்பிணிகளுக்கு மருந்து வேலையும் பாரம் தூக்கும் வேலையும் இல்லாமல் மாற்றுவது. கிளினிக் நாளில் சம்பளம் வெட்டாமல் அனுப்பி வைப்பது. இரவில் அவசரத்துக்குத் தோட்ட வண்டி கிடைப்பது. மூன்றும் பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் மாசமாக இருந்தால், காணும்போதெல்லாம் "ஆணா பொண்ணா" என்று கேட்கிறோம். இனிமேல் "இன்னைக்குப் பிள்ளை நல்லா அசைஞ்சுதா தங்கச்சி?" என்று கேளுங்கள். "இல்லக்கா, காலையிலிருந்து கொஞ்சம் கம்மிதான்" என்று பதில் வந்தால், பேசிக்கொண்டு நிற்காமல் வண்டிக்கு ஆள் அனுப்புங்கள்.